7000 வார்த்தை புக்கா, மாச மேகசினா, கதை புக்கா? தைவான் பசங்களோட இங்கிலிஷ் பஞ்சாயத்து

நான் இருக்கறது தைவான்ல சின்ச்சு. நம்ம ஊர் பிஎச்டி பசங்களும் சிப் கம்பெனி ஆளுங்களும் நிறைய இருக்கற ஊரு. வீட்டு ஓனர் அம்மாவோட பொண்ணு லெவன்த் படிக்குது, போன வருஷம் ஒருநாள் ஓனர் அம்மா வந்து "நீங்க இங்கிலிஷ் நல்லா பேசறீங்களே, சனிக்கிழமை கொஞ்சம் பாத்துக்கறீங்களா"ன்னு கேட்டாங்க, சரின்னு சொல்லி வெச்சேன், அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன், அவனோட ஃபிரெண்டுன்னு இப்ப மூணு பேரு. வாடகைல தள்ளுபடி எல்லாம் கிடையாது, மாம்பழ சீசன்ல மாம்பழம் வரும், மத்த நாள்ல டம்ப்ளிங்.

மூணு பேர் வீட்லயும் ஒரே கேள்விதான், எதை வாங்கிக் குடுக்கறது? வார்த்தை லிஸ்ட் புக்கு, ஃபோன் ஆப், மாச மேகசின், லெவல் போட்ட கதை புக்கு, பழைய கொஸ்டின் பேப்பர். அஞ்சையும் இந்த மூணு பேர் மேல போட்டுப் பாத்தாச்சு, அதான் எழுதறேன்.

முதல்ல எக்ஸாம். இங்க காலேஜ் போறதுக்கு ஜனவரி மாசம் ஒரு பொது எக்ஸாம் நடக்கும், ஷுவேட்ஸன்னு சொல்லுவாங்க. இங்கிலிஷ் 100 மார்க்கு, 100 நிமிஷம். வார்த்தைக்குன்னு தனியா வர்ற கேள்வி 10 மார்க்தான், நேரடி ரீடிங் பேசேஜ் 24. இது போக கோடிட்ட இடம் நிரப்பறது ரெண்டு வகை, பத்தியில காணாமப்போன வரிய எடுத்துப் பொருத்தறது, ஆப்ஷன் பாதி எழுதறது பாதின்னு ஒரு கலவை கேள்வி, எல்லாமே பேசேஜ்தான். கடைசில மொழிபெயர்ப்புக்கு 8, கட்டுரைக்கு 20. அதாவது பேப்பர் முழுக்க படிக்கிற வேலை, ஆனா வீட்ல வாங்கிக் குடுக்கறது என்னவோ வார்த்தை புக்கு!

இன்னொரு விஷயம், இத சொல்லாம எதையும் ஒப்பிட முடியாது. இந்தப் பசங்க மாட்டிக்கறது வார்த்தைல மட்டும் இல்ல, வாக்கியத்துலயும்தான். சைனீஸ்ல "நான் நேத்து வாங்கின புக்"னு சொல்லணும்னா "வோ ஸுவோதியேன் மாய் த ஷூ". நான், நேத்து, வாங்கின, புக், அப்படியே நம்ம தமிழ் வரிசை! புக்க பத்தி சொல்ல வேண்டியது எல்லாம் முன்னாடி வந்துடும், புக்கு கடைசில வரும். இங்கிலிஷ்ல தலைகீழ், புக்க முதல்ல போட்டுட்டு அதுக்கு வால் மாதிரி ஒன்னு ஓடிட்டே இருக்கும். எட்டாவதுல நான் இதே எடத்துல முழிச்சிருக்கேன், அதனால இவங்க முழிக்கும்போது எனக்கு எங்க வலிக்குதுன்னு தெரியுது. "த ஃபார்மர் ஹூஸ் லேண்ட் வாஸ் ஃப்ளடட் லாஸ்ட் இயர் ஹேஸ் மூவ்டு டு த சிட்டி"ன்னு ஒரு வரி குடுத்தேன், போன வருஷம் நிலம் வெள்ளத்துல மூழ்கின விவசாயி சிட்டிக்குப் போயிட்டாருன்னு அர்த்தம், ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பொண்ணுக்குத் தெரியும், ஆனா "யாரு சிட்டிக்குப் போனா, நிலமா?"ன்னு கேக்குது. சிரிப்பு வரல எனக்கு.

ஆனா நமக்கு இல்லாத கஷ்டம் ஒன்னும் அவங்களுக்கு இருக்கு. நாம கரண்ட், டிக்கெட், டென்ஷன், அட்ஜஸ்ட்னு ஒரு மூட்டை இங்கிலிஷ் வார்த்தைய இங்கிலிஷ்னே தெரியாம தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போறோம். சைனீஸ்ல கம்ப்யூட்டருக்கு "மின்சார மூளை", ஃபோனுக்கு "மின்சாரப் பேச்சு"ன்னு எல்லாத்தையும் மொழிபெயர்த்து வெச்சிட்டாங்க. அழகுதான், ஆனா ஓசில கிடைக்கிற வார்த்தை ரொம்பக் கம்மி, பெரும்பாலும் உக்காந்துதான் சேக்கணும்.

இப்ப அந்த 7000 புக்கு. எக்ஸாம் நடத்தற சென்டர் ஒரு வார்த்தை லிஸ்ட் வெளியிடுது, ஆறு லெவல், லெவலுக்கு ஏறக்குறைய ஆயிரம். 2022 எக்ஸாம்ல இருந்து அது சுமார் 6000 ஆகக் கொறஞ்சாச்சு, ஆனா வாய்ல இன்னும் "ஏழாயிரம்"தான், கடைல அட்டைலயும் 7000ன்னு பெருசா போட்டு விக்கறாங்க. புக்க திறந்தா வார்த்தை, உச்சரிப்பு, சைனீஸ் அர்த்தம், ஒரு உதாரண வரி. எங்க இருக்கோம்னு கணக்கு வெச்சுக்க வசதி, இத ஒத்துக்கணும். லெவல் நாலுல எத்தனை தெரியலன்னு ஒரு மத்தியானத்துல டிக் போட்டு கண்டுபிடிச்சிடலாம். ஆனா அகர வரிசைல அச்சிட்ட புக்க வாங்கிட்டு முதல் பக்கத்துல இருந்து மனப்பாடம் பண்றாங்க பாருங்க, அங்கதான் செத்தாங்க. "அபேண்டன்"னு ஆரம்பத்துலயே ஒரு வார்த்தை வரும், கைவிடுன்னு அர்த்தம், அதப் படிச்சுட்டு அப்படியே கைவிட்டுடுவாங்கன்னு சீனா பக்கம் ரொம்பப் பழைய ஜோக் இருக்கு. ஒரு அர்த்தத்த மட்டும் ஒட்டிக்கிறதும் ஆபத்து. அட்ரஸ்னா விலாசம்னு மனப்பாடம், அப்புறம் பேசேஜ்ல கவர்மெண்ட் ஒரு பிரச்சனைய "அட்ரஸ்" பண்ணுச்சுன்னு வந்தா, பிரச்சனைக்கு லெட்டர் போட்டாங்களான்னு யோசிக்கறான் பையன்.

இதுல புஷிபான்னு சொல்ற டியூஷன் சென்டர் கூத்து வேற. பையன் போற ஒரு எடத்துல வாரம் 200 வார்த்தை டெஸ்ட், ஃபெயில் ஆனா நின்னு எழுதணும். வெள்ளிக்கிழமை 180 எடுத்தவன் அடுத்த புதன்கிழமை கேட்டா பாதி கூட சொல்ல மாட்டேங்கறான்.

ஆப்னா ரெண்டு விதம். ஆன்கி மாதிரி கார்டு ஆப், மறக்கப் போற நேரம் பாத்து திருப்பிக் கேக்கும். எந்தக் கார்ட எப்ப திருப்பிக் கேக்கணும்னு முடிவு பண்ண அதுல 2023-ல எஃப்எஸ்ஆர்எஸ்னு புது கணக்கு வந்துச்சு, முன்ன இருந்தத விட கார்டு குவியறது கொறஞ்சிருக்குன்னு என் அனுபவம். இன்னொன்னு சீனால பிரபலமான பாய்ட்ஸுஜான், வார்த்தைக்கு நாலு படம் காட்டி எது சரின்னு கேக்கும், தெரிஞ்சத வெட்டித் தள்ளிடலாம், பேருக்கு அர்த்தமே அந்த மாதிரிதான், நூறு வார்த்தை வெட்டு. அங்க காலேஜ் போறதுக்கு எழுதற கவ்காவ் எக்ஸாமுக்கு 3500 வார்த்தைன்னு பேச்சு, இங்கத்து லிஸ்டோட அது ஒத்துப் போகாது, எழுத்தும் அந்தப் பக்கத்து எளிமைப்படுத்தின எழுத்து, தைவான் பசங்க படிச்சிடுவாங்க ஆனா மூஞ்சி சுளிக்கும். ஆப்பிள்னா படம் போடலாம், "நெவர்தலெஸ்"க்கு என்ன படம் போடுவீங்க? ஆப் எல்லாத்துக்கும் பொதுவான நல்லது, பஸ்ல பத்து நிமிஷம் கிடைச்சா போதும். கெட்டது, தனி வார்த்தையாவே நிக்கும், அந்த ஃபார்மர் வாக்கியம் முடிச்சு அவிழாமலே கெடக்கும்.

மேகசினுக்கு வர்றேன், என் ஓட்டு இதுக்குத்தான், மறைக்கல. இங்க ரெண்டு பெரிய பேரு. ஸ்டுடியோ கிளாஸ்ரூம், 1962-ல ரேடியோவுல ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவங்க டோரிஸ் புரூம்னு ஒரு அமெரிக்க அம்மா, 2024-ல தொண்ணூத்தெட்டு வயசுல தைவான்லயே காலமானாங்க, இந்த ஊர்ல தாத்தா பாட்டி கூட அவங்க குரல் கேட்டுப் படிச்சவங்க. அதுல மூணு லெவல் மேகசின், மேகசினுக்கு ஏத்த ஒலிபரப்பு, கட்டுரைய ரெண்டு மூணு பேர் பேசிப் பேசிப் பிரிச்சு சொல்லுவாங்க. இன்னொன்னு ஐவி, சைனீஸ்ல சாங்சுன்தெங். ஹைஸ்கூல் பசங்களுக்குன்னே ஒன்னு போடறாங்க, முழு மொழிபெயர்ப்பு, இலக்கண விளக்கம், எக்ஸாம் மாதிரியே கேள்வி.

ரெண்டுத்துல எது? வாக்கியத்துல மாட்டற பிள்ளைக்கு ஐவி, ஏன்னா நீள வரிய எடுத்து எது தலை எது வால்னு காட்டிடுது. படிச்சா புரியுது, ஆனா மெதுவா படிக்குதுன்னா ஸ்டுடியோ கிளாஸ்ரூம், ஏன்னா ஆடியோ ஓடும்போது வரிய பின்னாடி இருந்து திருப்பிப் போட்டுப் புரிஞ்சுக்க நேரம் கிடைக்காது, காதுல விழற வரிசைலயே மூளை ஓடிப் பழகும். ஓனர் பொண்ணுக்கு மூணு மாசம் ஐவி, அப்புறம் ஸ்டுடியோ கிளாஸ்ரூம், அப்படித்தான் மாத்தினேன். ஐவில ஒரு பொறி இருக்கு, பக்கத்துலயே சைனீஸ் இருக்கறதால கண்ணு அங்கதான் போகும், நான் மேல ஒரு பழைய பில்லு வெச்சு மறைச்சு குடுக்கறேன். பேசிப் பழகற இங்கிலிஷ் வரறது கூடுதல் லாபம், "ஓபன் த லைட்"னு எழுதறது கொறஞ்சுது. சைனீஸ்ல லைட்ட "திறப்பாங்க", நாம "போடுவோம்", மருந்த மட்டும் ரெண்டு பேருமே சாப்பிடறோம், "ஈட் மெடிசின்"னு ரெண்டு ஊரு பசங்களும் எழுதறதுக்கு அதான் காரணம்.

லெவல் போட்ட கதை புக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா எக்ஸாம் கணக்குல முழு மார்க் தர முடியல. ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் சீரிஸ் எடுத்துக்கிட்டா, படிக்கு இத்தனை வேற வேற வார்த்தைன்னு அளவு வெச்சு எழுதுவாங்க, முதல் படி 400 வார்த்தை, மூணாவது படி 1000, ஆறாவது படி 2500, அதோட முடிஞ்சுது. எக்ஸாம் லிஸ்டோ 6000. நடுவுல இருக்கற பள்ளத்த அந்த சீரிஸ் நிரப்பாது. ஆனா வேகம் வரும். ஒரு பக்கத்துல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு வார்த்தை, அதாவது அம்பதுக்கு ஒன்னு தவிர மத்தது தெரிஞ்சிருந்தாதான் டிக்‌ஷனரி இல்லாம சுகமா படிக்க முடியும்னு பால் நேஷன் மாதிரி ஆராய்ச்சிக்காரங்க சொல்லி இருக்காங்க. டென்த்து படிக்கிற பையன் ரெண்டாவது படில ஆரம்பிச்சு லீவுல ஏழு புக்கு முடிச்சான், அதுக்கு முன்ன இங்கிலிஷ்ல ஒரு முழுப் புக்கு கூட அவன் படிச்சது இல்ல. டுவெல்த்து வந்த பிள்ளைக்கு இத இப்பப் போய் ஆரம்பிக்காதீங்க, நேரம் இல்ல.

பழைய கொஸ்டின் பேப்பர் பத்தி அதிகம் சொல்ல ஒன்னும் இல்ல. சென்டர் வெப்சைட்லயே ஃப்ரீயா பிடிஎஃப் கிடைக்குது, காசு குடுத்து தொகுப்பு வாங்கறது விடைக்கு இருக்கற விளக்கத்துக்காகத்தான். 2022-ல கேள்வி அமைப்பு மாறிடுச்சு, அதுக்கு முன்னாடி பேப்பர்ல கலவைக் கேள்வி இருக்காது, இத மட்டும் கவனிங்க. லெவன்த்துலயே எல்லா பேப்பரையும் தின்னு தீர்த்துட்டா கடைசி ரெண்டு மாசத்துக்கு அளந்து பாக்க கைல ஒன்னும் இருக்காது.

ஓனர் அம்மா போன வாரம் கேட்டாங்க, சரி மொத்தத்துல எது வாங்கட்டும்னு. டென்த்து பையனுக்கு கதை புக்கு, பொண்ணுக்கு மேகசின், பஸ்ல போகும்போது அந்த மேகசின்ல இருந்து அவளே எடுத்த வார்த்தைய மட்டும் ஆன்கில போட்டுக்கட்டும், வாக்கியத்தோட போடணும்னு சொன்னேன். 7000 புக்க தூக்கிப் போட்டுடலாமான்னு கேட்டாங்க. வேணாம், மாசம் ஒருநாள் டிக் போட ஆகும்னேன். அவங்க முகத்துல அவ்ளோ திருப்தி இல்ல, வெயிட்டான புக்கு வாங்கினாதான் படிச்ச மாதிரி இருக்கும் போல. பொண்ணு மட்டும் உள்ள இருந்து கத்துச்சு, "சிட்டிக்குப் போனது ஃபார்மர்தான், நிலம் இல்ல!"