ஒரு மட்டமான ஏர் ரைஃபிளும் மென்மையான ஸ்பிரிங்கும்: நீண்டநாள் அனுபவம்

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதல் கேள்வியே "எவ்வளவு தூரம் போகும், எதைத் துளைக்கும்?" என்றுதான் வரும். நம் நாட்டில் தயாராகும் மலிவான ரைஃபிள்களுக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு இந்தக் கேள்விதான் பாதிக் காரணம் என்பேன். வாங்கியவர் நாலு நாள் தகர டப்பாவைச் சுடுவார், ஐந்தாம் நாள் சக்தி போதவில்லை என்று இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுவார். அதோடு குறி போய்விடும். அப்புறம் பரண்தான்.

அப்படிப் பரணிலிருந்து இறங்கிய ஒன்றைத்தான் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். தயாரித்த கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்த வகையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே குணம். 4.5 மி.மீ. குழல், அதை மடக்கிப் பெல்லட் என்னும் சின்ன ஈயக் குண்டைப் போட வேண்டும். மடக்கும்போதே உள்ளே ஸ்பிரிங் சுருங்கிப் பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். டிரிக்கரை இழுத்தால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அழுத்தும், அந்தக் காற்று ஒரு சின்னத் துளை வழியாகப் பெல்லட்டைத் தள்ளும். ஜெர்மனியின் பழைய டயானா ரைஃபிள்களை முன்மாதிரியாகக் கொண்ட அமைப்பு. அடிப்படை நல்லது, செய்நேர்த்திதான் கிடையாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ.க்கு மேலோ, வெளிவரும் சக்தி 20 ஜூலுக்கு மேலோ போனால் ஏர் ரைஃபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்குள் இருக்கும்வரை வேண்டாம். கொக்கு, மயில் என்று பறவைகள் மேல் குறி வைப்பவர்களுக்கு இந்தப் பதிவில் எதுவும் இல்லை. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கைக்கு வந்தபோது அதன் நிலைமை பரிதாபம். உள்ளே யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். அது தூசியோடு சேர்ந்து பழுப்பு நிறப் பசையாகப் படிந்திருந்தது. சுட்டால் 'டொய்ங்ங்' என்று ஸ்பிரிங் அதிரும் சத்தம் கன்னத்தில் இறங்கும். பத்து மீட்டரில் குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. சிதறலின் நடுவும் குறிக்கு நாலு விரல் மேலே. குறி பார்க்கும் பின் சைட்டை முழுக்க இறக்கியும் அந்த உயரம் குறையவில்லை.

மேலே அடிக்கும் நோய்க்குக் காரணம் சுலபமாகப் பிடிபட்டது. குழல் மடங்கியிருக்கும்போது யாரோ டிரிக்கரை இழுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்பிரிங்கின் முழு விசையில் குழல் விருட்டென்று எழும்பி அடிக்கும். வழியில் விரல் இருந்தால் விரல் போகும், இல்லாவிட்டால் குழல் மேல்நோக்கி வளையும். இந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. பத்து மீட்டரில் நாலு விரல் தூக்க அரை டிகிரி போதும். இரண்டு மரக்கட்டைகள் மேல் குழலைக் கிடத்தி, துணி சுற்றி, சி-கிளாம்ப் வைத்துக் கொஞ்சம் அழுத்துவது, சுட்டுப் பார்ப்பது, மறுபடி அழுத்துவது என்று பொறுமையாகச் சரிசெய்தேன். கேட்க முரட்டு வைத்தியமாகத் தெரியலாம், ஆனால் குழலை இப்படி வளைத்து நேராக்குவது தொழிற்சாலைகளிலேயே இருக்கும் பழக்கம்தான். இன்றுவரை நான் பெல்லட் போடும் நேரமெல்லாம் ஒரு கை குழலைப் பிடித்தபடியே இருக்கும்.

பிரிக்கும் வேலைக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறது. பின் மூடியைக் கழற்றுமுன் நீளமான கார்ப்பெண்டர் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தளர்த்த வேண்டும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு கழற்றும் வேலை இல்லை.

உள்ளே பார்த்தால் பிஸ்டனின் முனையில் கிழிந்த தோல் வாஷர். அடிபம்புக்குள் தண்ணீரை இழுக்குமே ஒரு தோல் வாஷர், அதன் குட்டித் தம்பி. அளவு மட்டும் கடையில் கிடைக்காது. செருப்பின் அடித்தோலுக்குப் போடும், மரப்பட்டையில் பதனிட்ட தோல் இதற்குச் சரி. ஈரோடு, திண்டுக்கல் பக்கம் பதனிடும் அந்தப் பழைய வகை. குரோம் போட்டுப் பதனிட்ட மெத்தைத் தோல் வடிவத்தைப் பிடித்து வைக்காது. மூன்று மி.மீ. தோலை நனைத்து, லேத்தில் கடைந்த ஒரு வளையத்துக்குள் வைத்து வைஸில் இறுக்கி, காயவிட்டு ஓரத்தை வெட்டினால் கிண்ணம் போல வந்துவிடும். அதைச் சிலிக்கான் ஆயிலில் ஓரிரவு ஊறவைத்துப் போட்டேன். தையல் மெஷின் ஆயில் ஊற்றுகிறவர்கள் கவனிக்க: அது பிஸ்டனுக்கு முன்னால் போனால், அழுத்தச் சூட்டில் டீசல் எஞ்சின் மாதிரி பற்றிக்கொள்ளும். 'டப்' என்று பெரிய சத்தம், குழல் வாயில் புகை. சக்தி கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே வாஷரும் ஸ்பிரிங்கும் கெட்டுக்கொண்டிருக்கும்.

குழல் மடங்கும் இடத்திலும் ஒரு சின்ன வாஷர் உண்டு. மூட்டின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்துச் சுட்டுப் பாருங்கள். பறந்தால் அங்கே காற்று கசிகிறது. என்னுடையது பறந்தது, ஓ-ரிங் என்னும் ஒரு ரப்பர் வளையத்தில் வேலை முடிந்தது.

இனி ஸ்பிரிங். நான் பணம் செலவழித்ததும் மண்டையை உடைத்துக்கொண்டதும் இதில்தான். ஏற்கெனவே யாரோ போட்டிருந்தது கடினமான ஸ்பிரிங். மடக்கத் தோள்பட்டை வலிக்கும். விஷயம் என்னவென்றால், பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் பாய்ச்சல் துப்பாக்கியை முன்னும் பின்னும் உதறிவிடுகிறது. ஸ்பிரிங் எவ்வளவு முரடோ அவ்வளவு உதறல். உதறல் கூடினால் குறி சிதறும், வாஷர் சீக்கிரம் கிழியும். சக்தி கூடும்தான், ஆனால் காகிதத்தில் ஓட்டை போட அந்தச் சக்தி எதற்கு? 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பயன்படும் துப்பாக்கிகள் ஏறக்குறைய 7.5 ஜூல்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே போட்டிதான். அங்கே பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மி.மீ.

ஆகவே மெல்லிய கம்பியில் ஸ்பிரிங் சுற்றித் தரச் சொன்னேன். கோயம்புத்தூரில் இருப்பதில் ஒரு லாபம், கணபதி பக்கம் போனால் எதையும் கடைந்து தர ஒரு லேத் பட்டறை கிடைக்கும். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் தட்டையாகத் தேய்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்து நின்று சிலிண்டரைக் கீறும். அதைவிட முக்கியம் ஸ்பிரிங்குக்குள் போகும் கம்பம். பழையது தகரத்தைச் சுருட்டியது, ஸ்பிரிங்குக்குள் லொடலொடவென்று ஆடியது. அந்த 'டொய்ங்' பிறந்தது அங்கேதான். நைலான் ராடில் புதிதாக, ஸ்பிரிங்குக்குள் கொஞ்சம் இறுக்கமாகப் போகும்படி கடையச் சொன்னேன். பட்டறை அண்ணன் ரைஃபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இந்த வேலைக்குக் குடுக்கிற காசுல இதே மாதிரி இன்னொன்னு வாங்கிப்போடலாமுங்க" என்றார். கணக்குப்படி அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரிதான். பழைய ரைஃபிள் வந்த விலைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது, இதுவரை இதற்கு நான் செய்த மொத்தச் செலவு.

மாலிப்டினம் கலந்த மோலி கிரீஸை ஸ்பிரிங்கில் மெல்லப் பூசி மாட்டிச் சுட்டபோது, அந்த 'டொய்ங்' போய் ஒரு 'தொப்' மட்டும் மிஞ்சியது. ரைஃபிள் கிளப் நண்பர் ஒருவரின் வேகமானியில் பார்த்தோம்: 0.54 கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டரை ஒட்டி, கிட்டத்தட்ட 7.8 ஜூல். முந்தைய ஸ்பிரிங்கில் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. புது ஸ்பிரிங்கில் ஒரே சீர்.

டிரிக்கரில் அதிகம் கை வைக்கவில்லை. ஒன்றோடொன்று உரசும் முகங்களை மிக நைசான எமரித் தாளில் மினுக்கினேன், அவ்வளவுதான். பிஸ்டனை நிறுத்திவைக்கும் கொக்கி பிடிக்கும் ஆழத்தைக் குறைத்தால் இழுப்பு லேசாகும் என்று ஆசைகாட்டுவார்கள். செய்யாதீர்கள், தானாக நழுவும். தோளில் பதியும் மரக்கட்டையான ஸ்டாக் வெள்ளை மரம், மேலே செருப்பு பாலிஷ் நிறத்தில் வார்னிஷ். சுரண்டி, தேய்த்து, கருநிறம் ஏற்றி, லின்சீட் ஆயிலை நாள் விட்டு நாள் மெல்லியதாகப் பூசினேன். அழகாகிவிட்டது, ஆனால் குறிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்டாக் ஸ்க்ரூக்களுக்கு அடியில் ஸ்டார் வாஷர் போட்டது உண்மையிலேயே உதவியது; இந்த வகை ரைஃபிளில் அவை சுடச் சுடத் தளரும்.

இவ்வளவும் செய்துவிட்டு மட்டமான பெல்லட் போட்டால் எல்லாம் வீண். டப்பாவைக் கொட்டிப் பாருங்கள், பெல்லட்டின் அகன்ற பின்பகுதியான பின்பாவாடை நசுங்கியது நிறைய இருக்கும். பொறுக்கி எடுத்துத் தள்ளுங்கள். காகிதத்துக்குத் தட்டைத் தலைப் பெல்லட் நல்லது, துளை வட்டமாக வெட்டியது போல விழும். பிடிக்கும் விதமும் முக்கியம்: இறுக்கிப் பிடித்தால் சிதறும். முன்பக்கத்தை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்தி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்து, துப்பாக்கியை அதன் போக்கில் உதற விட வேண்டும். இதைப் பழகியபின் பத்து மீட்டரில் ஐந்து குண்டுகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகின்றன, நான் ஒழுங்காகச் சுடும் நாட்களில். பின்னால் இறுக்கிக் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டு, அதற்கும் பின்னால் மணல் மூட்டை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பெல்லட் என்பது ஈயம்.

குறை இல்லாமல் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தோல் காய்ந்து வேகம் விழுந்துவிடுகிறது. காற்றுத் துளையில் இரண்டு சொட்டுச் சிலிக்கான் ஆயில் விட்டால் திரும்பும். வியர்வைக் கை பட்ட இடத்தில் துரு பிடிக்கிறது, ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்க வேண்டும். பின் சைட் இன்னமும் லேசாக ஆடுகிறது, அடியில் மெல்லிய பித்தளைத் தகடு செருகிச் சமாளிக்கிறேன். பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர் தாண்டினால் இதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. காசிருந்து போட்டிக்குத் தயாராகிறவர்கள் நேராகக் காற்று அடைத்துவைக்கும் பி.சி.பி. வகைக்குப் போய்விடலாம், அதில் இந்த உதறலே கிடையாது.

குறியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் மாட்டலாமா என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். மலிவான ஸ்கோப் வேண்டாம். சாதாரண ரைஃபிள் பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னாலும் இழுக்கும். அந்த முன் இழுப்பைத் தாங்கும் ஸ்கோப்பின் விலையில் இந்த மாதிரி ரைஃபிள் இரண்டு வாங்கலாம்.