துருக்கியில் பத்து நாள்: பலூன் வழியா, கரையோர வழியா?

பத்து நாள் துருக்கி என்று யார் கிளம்பினாலும் கையில் இருக்கும் திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான்: இஸ்தான்புல், கப்படோக்கியா, பாமுக்கலே, எபேசு, மறுபடி இஸ்தான்புல். முதல் தடவை நானும் அப்படித்தான் சுற்றினேன். அடுத்த தடவை கப்படோக்கியாவை எடுத்துவிட்டு, மேற்குக் கரையோரமாகவே சனக்கலே, பெர்காமா, செல்சுக் (எபேசு இடிபாடுகள் இருக்கும் ஊர்), பாமுக்கலே என்று இறங்கினேன். என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது.

முதலில் தூரம். இஸ்தான்புல்லில் இருந்து கப்படோக்கியாவின் கோரேமே ஊருக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி பஸ்ஸில் பதினொன்று பன்னிரண்டு மணி நேரம், அங்கிருந்து பாமுக்கலேக்குப் பக்கத்து நகரமான தெனிஸ்லிக்கு இன்னொரு ராத்திரி. பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. உதவியாளர் வரிசையாக வந்து உள்ளங்கையில் எலுமிச்சை வாசனை கொலோன் ஊற்றுவார், பின்னாலேயே டீயும் கேக்கும் வரும். காலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இறங்கி நிற்கும்போது, விடுதிக்காரர் அறை மதியத்துக்கு மேல்தான் என்பார் பாருங்கள், அங்கேதான் சிக்கல். கைசேரிக்கோ நெவ்ஷெஹிருக்கோ விமானத்தில் போனால் இதில் பாதி மிச்சம்.

அடுத்து, கப்படோக்கியாவில் விடிகாலையில் ஆளேற்றிப் பறக்கும் வெப்பக்காற்று பலூன். காற்று கொஞ்சம் கூடினாலும் பறக்க அனுமதி கிடையாது, அது பல நாள் விடிகாலையில்தான் தெரியும். நான் தங்கியது இரண்டு ராத்திரி, இரண்டு விடியலிலும் ரத்து. பணம் திரும்பி வந்தது, தூக்கம் வரவில்லை. அதனால் அங்கே போவதென்றால் மூன்று ராத்திரியாவது வையுங்கள், முதல் நாள் காலைக்கே பதிவு செய்யுங்கள், தப்பினால் கையில் இன்னும் இரண்டு விடியல் இருக்கும். பலூன் இல்லாவிட்டாலும் பாறையைக் குடைந்த தேவாலயங்களும் அவற்றின் சுவரோவியங்களும் வேறெங்கும் கிடைக்காதவை. தெரின்குயு நிலத்தடி நகரம் சுமார் 85 மீட்டர் ஆழம். குனிந்தபடி ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும், முட்டி வலிக்காரர்களுக்கு வேண்டாம்.

கரையோர வழியில் பாமுக்கலே வரை நீண்ட பயணம் முதல் நாள் சனக்கலேக்குப் போகும் ஐந்தாறு மணி நேரம்தான், அதற்கப்புறம் எல்லாம் இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத் துண்டுகள். சனக்கலேயில் தங்கி, ஹோமரின் காவியத்தில் வரும் டிராய் நகரத்தைப் பார்க்கலாம். கோட்டை கொத்தளம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்த ஒன்பது அடுக்கு ஊர்களின் கல் குவியல் அது. 1870களில் ஜெர்மானிய அகழ்வாளர் ஷ்லீமன் குறுக்கே வெட்டிய பள்ளம் இன்னும் வாய் பிளந்து கிடக்கிறது. 2018இல் திறந்த அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் கற்கள் கொஞ்சம் பேசும்.

பெர்காமாதான் எனக்குப் பிடித்தது. கேபிள் காரில் மலையேறினால், சரிவில் அப்படியே கொட்டிவிட்டது போல ஒரு கிரேக்க அரங்கம். மேல் வரிசையில் நின்று கீழே பார்த்தால் கால் கூசும். புகழ்பெற்ற பலிபீடம் மட்டும் அங்கே இல்லை, அது பெர்லினில் இருக்கிறது. இங்கே மிஞ்சியது படிக்கட்டு அடித்தளமும் அதில் வளர்ந்த மரங்களும். தமிழ் பைபிள் வாசித்தவர்களுக்கு இந்தப் பாதை வேறு மாதிரி இருக்கும்: பெர்கமு (இதே பெர்காமா), சிமிர்னா (இன்றைய இஸ்மிர்), எபேசு, தெனிஸ்லிக்குப் பக்கத்தில் லவோதிக்கேயா என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு சபைகளில் நான்கு வழியிலேயே வந்துவிடுகின்றன.

எபேசுவும் பாமுக்கலேயும் இரண்டு திட்டத்திலும் உண்டு. எபேசுவில் மேல் வாசலில் நுழைந்தால் செல்சஸ் நூலகம் வரை இறக்கம்தான். நிழல் கிடையாது, ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் வாசல் திறக்கும் நேரத்துக்கே நின்றுவிடுங்கள். ஏழு அதிசயங்களில் ஒன்றான ஆர்தெமிஸ் கோயிலில் இப்போது நிற்பது ஒரே ஒரு தூண், உச்சியில் நாரைக் கூடு. செல்சுக்கில் இருந்து தெனிஸ்லிக்கு ரயிலே இருக்கிறது, சுமார் மூன்று மணி நேரம். பாமுக்கலேயின் வெள்ளைப் படிகளில் செருப்பைக் கழற்றி பைக்குள் போட்டுக்கொண்டுதான் நடக்க விடுவார்கள், மெத்தென்று இருக்கும் என்று நினைத்துக் கால் வைத்தால் சுண்ணாம்பு வரிகள் பாதத்தில் குத்தும்.

பணக் கணக்கில் கரையோரம்தான் மலிவு, ஒருவருக்கான பலூன் கட்டணத்தில் அந்த ஊர்களில் சில நாள் தங்கிவிடலாம். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள், அல்லது இடிபாடு என்றாலே மூன்றாவது நாள் கொட்டாவி வரும் என்றால் தயங்காமல் கப்படோக்கியா. இரண்டையும் பத்து நாளில் அடைக்காதீர்கள், அதற்குப் பதினான்கு நாளாவது வேண்டும்.

எந்த வழியானாலும் இஸ்தான்புல்லைக் கடைசி மூன்று நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது தள்ளிப்போனாலும் ஊர் திரும்பும் விமானம் தப்பாது. அந்த மூன்றில் ஒன்று செவ்வாயாக இருந்தால் தோப்காபி அரண்மனையை வேறு நாளுக்கு மாற்றுங்கள், அன்றைக்கு அது மூடியிருக்கும்.