ஈரக்காற்றும் ஒரு பெல்லட் கிரில்லும்: பத்து மாத அனுபவம்

சிங்கப்பூரின் அங் மோ கியோ அடுக்குமாடியிலிருந்து தரைவீட்டுக்குக் குடிபெயரவிருக்கும் நண்பர் ஒருவர், "அண்ணே, அந்தப் புகை அடுப்பு எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று சென்ற வாரம் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. பழுதுபார்த்தவரிடம் 140 வெள்ளியைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் கதவைச் சாத்தியிருந்தேன். அன்று நான் சொன்னதை அவர் மறந்துவிடட்டும். இப்போது நிதானமாகச் சொல்கிறேன், முடிந்தவரையில்.

அவர் கேட்ட புகை அடுப்புதான் பெல்லட் கிரில். தொட்டியில் கொட்டிய பெல்லட்டுகளை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை, குழாய்க்குள் சுழலும் திருகுத்தண்டு தீக்கிண்ணத்துக்குத் தள்ளும்; அங்கே எரியும் நெருப்பிலும் புகையிலும் இறைச்சி வேகும். இதையெல்லாம் அவர் ஏற்கெனவே படித்திருப்பார். அந்த மரக்குச்சிகளைப் பற்றித்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவற்றில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. மரத்தூளைச் சூட்டோடு அழுத்தும்போது மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஈரம் பட்டால் குச்சி உப்பி, மறுபடியும் தூளாகிவிடுகிறது. 1980களில் இவ்வகை அடுப்பை ஜோ டிரேகர் என்பவர் உருவாக்கிய, அமெரிக்காவின் மேற்கு ஒரிகனில் கோடைக்காலம் பெரும்பாலும் வறண்டிருக்கும். இங்கோ ஆண்டு முழுவதற்குமான சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும். என் பத்து மாத வரலாறு முழுவதும் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும்.

முதன்முதலில் விலா எலும்பைப் புகையில் வைத்தது சனவரியில், வடகிழக்குப் பருவமழையின் நடுவே. தேக்கா சந்தையில் பன்றி விலா வாங்கினேன். பக் குட் தே என்ற விலா எலும்புச் சூப்புக்குத் துண்டு போட்டே பழகிய கடைக்காரரிடம், வெட்டாமல் முழுப் பலகையாக வேண்டும் என்பதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. உட்புறச் சவ்வை உரித்து, மிளகு, சீரகம், மல்லி, மிளகாய்த்தூள், உப்பு, சிறிது பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றைத் தடவினேன். மூன்று மணி நேரம் புகையில், இரண்டு மணி நேரம் அலுமினியத் தாளுக்குள், கடைசி ஒரு மணி நேரம் சாறு பூசித் திறந்தபடி என்ற பரவலான முறையைப் பின்பற்றி, வெப்பத்தை 107 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டு, இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உள்ளே போனேன்.

இரண்டரை மணி நேரம் அது பார்த்துக்கொள்ளவும் செய்தது. பிறகு மழை பிடித்தது. திரையில் எண் 71-க்கு இறங்கியிருந்தது. கூரைக்குக் கீழேதான் வைத்திருந்தேன், சாரல்கூடப் படவில்லை. ஆனால் தொட்டிக்குள் கைவிட்டபோது அடியில் கிடந்தது குச்சியல்ல, தவிடு. முந்தைய வாரம் நிரப்பியதை அப்படியே விட்டுவைத்த என் சோம்பலின் பலன் அது. திருகுத்தண்டு அந்தத் தவிட்டை அரைத்துக்கொண்டு நின்றிருந்தது.

விலாவைத் தாளில் சுற்றிச் சமையலறையில் இருக்கும் ஓவனுக்கு மாற்றினேன். தாளுக்குள் போனபின் புகை எப்படியும் இறைச்சியைத் தொடுவதில்லை என்பதால், அதில் பெரிய இழப்பில்லை. புளியும் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றைப் பூசி முடித்து மேசைக்குக் கொண்டுவந்தபோது, வெட்டிய இடத்தில் விளிம்பையொட்டி இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தது. இறைச்சி எலும்பிலிருந்து தானாக உதிரவில்லை. கடித்தால் மட்டும் விட்டுக்கொடுத்தது. புகை என்றாலே முகம் சுளிக்கும் என் மாமியார் எதுவும் சொல்லாமல் இரண்டாவது துண்டை எடுத்தார். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கரியடுப்பின் முன் இருபது ஆண்டுகளாக வியர்த்தும் நான் அப்படியொன்றைச் சமைத்ததில்லை. கரியின் முரட்டு வாசம் இதில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெல்லட் சுத்தமாக எரிவதால் புகை மெல்லியதாகவே ஏறும்.

அதன்பின் ஒழுங்குக்கு வந்தேன். ஒவ்வொரு முறையும் சமைத்து முடித்ததும் தொட்டியைக் காலிசெய்து, குழாயில் எஞ்சியதை எரியவிட்டு, குச்சிகளை இறுக மூடும் அரிசி வாளியில் போட்டுவைத்தேன். அணைந்த அடுப்பை மீண்டும் பற்றவைக்குமுன் தீக்கிண்ணத்தில் குவிந்திருப்பதை அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் என்பதையும் கற்றுக்கொண்டேன். சென்ற மாதம் ஒரே ஒரு முறை, மகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவில், மறந்தேன். பழுதுபார்க்க வந்தவர் திருகுத்தண்டைச் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தார். தூள் சிமெண்டுபோல் இறுகியிருந்தது. ஈரத்தால் வந்த கோளாறுக்கு உத்தரவாதம் கிடையாதாம். உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று கையேட்டில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தீவில் உலர்ந்த இடம் எது என்பதை, விற்றவர் பணத்தை வாங்குமுன் சொல்லியிருக்கலாம்.

ஆகவே, நண்பரே, வாங்க வேண்டாம். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள், இரண்டு பலகை விலா வைக்கவிருக்கிறேன். வரும் வழியில் மூடி இறுக்கமான அரிசி வாளி ஒன்று, பெரியதாகப் பார்த்து, எனக்கு வாங்கி வாருங்கள். இருக்கும் வாளியில் புதிய மூட்டை கொள்ளவில்லை.