'தி டார்க் சைட் ஆஃப் த மூன்': பல ஆண்டுகள் கேட்ட பின் எழுதும் மதிப்பீடு

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973 மார்ச்சில் வெளிவந்தது. உலகெங்கும் நாலரைக் கோடிப் பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படும் இந்த ஆல்பத்தைக் கல்லூரி நாட்களில் கேசட்டிலும், வேலைக்குப் போன பிறகு சிடியிலும், இப்போது இசைத்தட்டிலும் கைபேசியிலுமாகக் கேட்டு வருகிறேன். எதில் கேட்டாலும் எனக்கு உறுதிப்படுவது ஒன்றுதான்: ஏறத்தாழ 43 நிமிடம் ஓடும் இதை ஒரே உருப்படியாக, முதலிலிருந்து கடைசிவரை கேட்டாக வேண்டும், பிடித்த பாடலை மட்டும் தேடிப் போடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

அதற்குக் காரணம் இது உருவான விதம். ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழையும் முன்பே, 1972 ஜனவரி முதல், இங்கிலாந்தின் பிரைட்டனில் தொடங்கி ஊர் ஊராக மேடையேற்றி, எந்தப் பாடல் எதற்குள் கரைய வேண்டும் என்பதைக் கேட்பவர்கள் முன்னிலையிலேயே குழுவினர் செப்பனிட்டு வந்தார்கள். பாடல் வரிகள் முழுவதையும் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் எழுதினார். காலம், பணம், சாவு, மனம் பிறழ்தல் என்று கருப்பொருள் நகர்கிறது; மனநலம் குன்றிக் குழுவை விட்டு விலகிய சிட் பேரட்டின் நிழல் அதில் படிந்திருப்பது வெளிப்படை. லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் 1972 நடுவில் தொடங்கிய பதிவு, இடையிடையே பயணங்களுக்காக நின்று, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முடிந்தது.

பணத்தைப் பற்றிய 'மணி' (Money) பாடலின் தொடக்கத்தை ஹெட்போனில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். நாணயங்கள் சிதறுகின்றன, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி மணியடிக்கிறது. மட்பாண்டக் கலைஞரான தம் மனைவி களிமண் பிசையும் பாத்திரத்தில் வாட்டர்ஸ் காசுகளை வீசிப் பதிவு செய்த ஒலியும் இவற்றுள் உண்டு. கணினி இல்லாத காலம். ஒவ்வொரு ஒலியும் ஒரே அளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதற்காக, ஒலிநாடாவை அளவுகோல் வைத்து அளந்து வெட்டி ஒட்டி, வளையமாக ஓடவிட்டார்கள். அந்த ஏழு துண்டுகளே பாடலின் ஏழு எண்ணிக்கைத் தாளத்தைத் தொடங்கிவைக்கின்றன. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அது நெருடுவதில்லை. டேவிட் கில்மரின் கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும்போது தாளம் நான்குக்கு மாறுவதுதான் எனக்கு இன்றைக்கும் சிறு அதிர்ச்சியைத் தருகிறது. கேசட் தேய்ந்து நாடா இளகியபோது முதலில் தள்ளாடியதும் இந்தக் காசுச் சத்தம்தான்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆல்பம் காதுக்கு எட்டாத அளவில் ஓர் இதயத்துடிப்புடன் தொடங்குகிறது. உண்மையில் அது பாஸ் டிரம்மின் ஒலி. ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒலியளவைக் கூட்டி வைத்தால், 'டைம்' தொடங்கும் இடத்தில் கடிகாரங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அலறும். இரவில் பக்கத்து வீட்டார் எழுந்துவிடுவார்கள். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ், நான்கு ஒலிபெருக்கிகள் வழியே ஒலிக்கும் நான்கு திசை ஒலியமைப்பைச் செய்துகாட்டுவதற்காக ஒரு பழங்கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவைத்திருந்த மணியோசைகள் அவை.

முதல் பக்கத்தின் இறுதியில் வரும் 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் சொற்களே இல்லாமல் பாடும் குரல் கிளேர் டோரியுடையது. சில மணி நேர வேலைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்ட். 2004இல் அவர் வழக்குத் தொடர்ந்து, மறு ஆண்டு சமரசம் ஏற்பட்ட பிறகே இசையமைப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. என் பழைய சிடியில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பெயர் மட்டுமே இருக்கிறது. பின்னர் வாங்கிய இசைத்தட்டில் இருவர் பெயரும் உண்டு. பாடலைக் கேட்டால் பழைய அட்டை எவ்வளவு அநியாயமானது என்பது விளங்கிவிடும்.

எல்லாமே காலத்தைத் தாங்கி நிற்கின்றன என்று சொல்ல மாட்டேன். எட்டு சுரங்களைச் சிந்தசைசரில் ஏற்றி வேகமாகச் சுழலவிட்ட 'ஆன் த ரன்' அன்றைக்குப் புதுமை. இன்றைக்கு அடுத்த பாடலுக்கான வாசற்படியாக மட்டுமே அதைக் கடக்கிறேன். மாறாக, இளவயதில் மந்தமாகத் தோன்றிய 'அஸ் அண்ட் தெம்' இப்போது ஆல்பத்தின் உச்சமாகப் படுகிறது. இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் திரைப்படம் ஒன்றுக்காக ரைட் அமைத்து, அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பியானோ மெட்டு அது. வரிகளுக்கு இடையே இசை விடும் இடைவெளிகளைச் சகித்துக்கொள்ளவே எனக்குக் கொஞ்சம் வயதாக வேண்டியிருந்தது.

இதன் வணிகக் கதை வினோதமானது. அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் 1973க்கும் 1988க்கும் இடையே அந்தப் பட்டியலில் 741 வாரங்கள் இடம்பெற்றது. புதிய ஸ்டீரியோ வாங்கியவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க இதைப் போட்டார்கள், சிடி வந்ததும் அதே ஆல்பத்தை மறுபடியும் வாங்கினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆல்பத்தின் அட்டைக்காக ஹிப்நாசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய முப்பட்டகப் படம் இசையைக் கேட்காதவர்களின் சட்டைகளில்கூட ஏறிவிட்டது. அதில் விரியும் வானவில் நிறங்கள் ஏழல்ல, ஆறுதான், கருநீலத்தை விட்டுவிட்டார்கள். சட்டை அணிபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

எந்த வடிவில் கேட்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சிடி. இசைத்தட்டில் டோரியின் குரல் அடங்கியதும் தட்டைத் திருப்ப வேண்டும், பிறகு காசுச் சத்தம். இந்த ஓர் இடைவெளி ஆல்பத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் இதயத்துடிப்பு போன்ற மெல்லிய இடங்களில் ஊசியின் கரகரப்பு மேலோங்கிவிடுகிறது. ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி 2003இல் செய்த பலதிசை ஒலிக்கலவை அற்புதமானது என்றாலும் அதற்கேற்ற ஒலிபெருக்கிகள் எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. கைபேசியில் கேட்பவர்கள் பாடல்களைக் கலைத்துப்போடும் வசதியையும், ஒன்றன் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு தானாகக் குழைக்கும் வசதியையும் முதலில் அணைத்துவிட வேண்டும். சில செயலிகள் பாடல்களுக்கு நடுவே அரை நொடி மௌனத்தைச் செருகுகின்றன. கடைசி இரு பாடல்களில் 'பிரெய்ன் டேமேஜ்' முடிந்து 'எக்லிப்ஸ்' எழும் இடத்தில் அது நேர்ந்தால், அந்தச் செயலியை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.