மருத்துவர் மடலும் 12 அமர்வுகளும்: ரியூனியனில் ‘மோன் சுத்தியேன் ப்ஸி’ திட்டம் பற்றிய மதிப்புரை

உளவியலாளரிடம் செல்லும் செலவில் பெரும்பகுதியைப் பிரெஞ்சு அரசின் மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும் ‘மோன் சுத்தியேன் ப்ஸி’ திட்டம், பாரிசில் எந்த விதிகளோடு நடக்கிறதோ அதே விதிகளோடு, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான நம் ரியூனியன் தீவிலும் நடக்கிறது. தீவின் கிழக்குக் கரையில் சேந்த்-ஆந்த்ரேயில் வசிக்கும் நான், மாதக்கணக்கில் நீடித்த தூக்கமின்மையும் காரணம் புலப்படாத பதற்றமும் வேலையைப் பாதிக்கத் தொடங்கியபோது, குடும்ப மருத்துவரிடம் உளவியலாளருக்கான பரிந்துரை மடல் வாங்கிக்கொண்டு இத்திட்டத்தில் சேர்ந்தேன். அந்த மடல் இப்போது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அதை வாங்கிக்கொண்டு போவதுதான் நல்லது என்றும், திட்டத்தின் உண்மையான குறை மடலுக்கு அப்பால், உளவியலாளரைத் தேடும் கட்டத்தில் இருக்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

அதிபர் மக்ரோன் 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022 ஏப்ரலில் இத்திட்டம் தொடங்கியபோது அதன் பெயர் ‘மோன்ப்ஸி’. அப்போது ஆண்டுக்கு 8 அமர்வுகள்தாம். முதல் அமர்வுக்கு 40 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோ. மருத்துவர் மடல் இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. இந்தக் கட்டணம் தங்கள் படிப்புக்கும் உழைப்புக்கும் ஈடாகாது என்றும், மருத்துவரின் அனுமதிக்குக் கீழே தங்கள் தொழிலை வைப்பது முறையன்று என்றும் உளவியலாளர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். பலர் திட்டத்தில் சேரவே மறுத்தார்கள். 2024 ஜூனில் விதிகள் மாறின. அமர்வுகள் 12 ஆயின, கட்டணம் ஒரே சீராக 50 யூரோ ஆயிற்று, மடலும் விருப்பத்துக்கு உரியதாயிற்று. மூன்று வயதுக் குழந்தை முதல் முதியவர் வரை யாரும் இப்போது நேரே உளவியலாளரைத் தொடர்புகொள்ளலாம். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். குடும்ப மருத்துவர் ஓய்வுபெற்றுவிட்டு, புதிய மருத்துவர் எவரும் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்ள மறுக்கும் நிலையில் இருப்பவருக்கு மடல் ஒரு பூட்டிய கதவாகவே இருந்தது. எனினும் என் மருத்துவர் அன்று செய்த காரியத்தை வேறு எவராலும் செய்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று நான் சொன்னவுடன் அவர் மடல் எழுதிவிடவில்லை. முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் படபடப்பும் தூக்கக்கேடும் வரும். குறைந்தால் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும். இரும்புச்சத்துக் குறைவும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும், சில மாத்திரைகளும்கூட இதே வேடத்தைப் போடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். நீரிழிவு இவ்வளவு பரவியுள்ள ஒரு தீவில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. உளவியலாளர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதித்தர முடியாது, மருந்தும் தர முடியாது. உடலில் பிடிபட வேண்டிய ஒன்றை உள்ளத்தில் தேடி அமர்வுகளை வீணாக்காமல் இருக்க, மருத்துவரின் அந்த ஒரு சந்திப்பு உதவுகிறது.

பரிசோதனையில் குறையொன்றும் தென்படாததால் அடுத்த சந்திப்பில் மடல் கிடைத்தது. மடல் என்றால் பெரிய அறிக்கை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்: எனக்கு இருந்த தொந்தரவு, அது தொடங்கிய காலம், நான் உட்கொள்ளும் மருந்துகள், செய்யப்பட்ட சோதனைகள் ஆகியவை சில வரிகளில் அடங்கியிருந்தன. நான் கேட்டுக்கொண்டபடி அவர் அதை எனக்குப் படித்துக் காட்டிய பிறகே உறையில் இட்டார். எல்லோரும் இவ்வாறு கேட்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். நம்மைப் பற்றி ஒருவர் மற்றொருவருக்கு எழுதும் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நம் உரிமை. தவிரவும், சொல்ல மறந்ததை அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

மடலுக்கு இன்னொரு பயனும் உண்டு. அது வீட்டுக்குள் விளைவது. நம் குடும்பங்களில் ஒருவர் பல நாள் தூங்காமல் தவித்தால், முதலில் கோயில் பூசாரியிடம் எலுமிச்சம்பழத்தோடு போகிறோம், பிறகு மருத்துவரிடம். உளவியலாளர் என்ற சொல்லை எடுத்தாலோ ‘பைத்தியமா பிடித்திருக்கிறது?’ என்ற கேள்வி வந்துவிடும். பூசாரியிடம் போவதில் எனக்குக் குறையொன்றுமில்லை, என் அம்மாவுக்கு அதனால் நிம்மதி கிடைக்கிறது. ஆனால் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இருபது வருடமாக மருந்து எழுதித்தரும் அதே மருத்துவர் கையெழுத்திட்ட தாள் மேசையில் இருந்தபோது, வீட்டில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இரத்தச் சோதனைச் சீட்டைப் போல இதையும் ஒரு சீட்டாக ஏற்றுக்கொண்டார்கள்.

இனி உளவியலாளரைத் தேடும் படலம். திட்டத்தில் இணைந்தவர்களின் பெயர்ப்பட்டியல் அரசின் இணையதளத்தில் உள்ளது. ஊர், பேசும் மொழி முதலியவற்றைக் கொண்டு சலித்துத் தேடலாம். பட்டியலில் இடம்பெற, மருத்துவ உளவியலில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். ‘உளவியலாளர்’ என்ற பட்டமே 1985 முதல் பிரான்சில் சட்டத்தால் காக்கப்பட்டது. ஆகவே தகுதி பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலை எல்லாம் கிடைப்பதில்தான். நான் அழைத்த முதல் அலுவலகத்தில் தொலைபேசியை யாரும் எடுக்கவேயில்லை. மற்றொருவர், பட்டியலில் பெயர் இருந்தாலும் இத்திட்டத்தின் கீழ் புதியவர்களை இப்போதைக்குச் சேர்ப்பதில்லை என்றும், தனிக் கட்டணம் என்றால் அடுத்த வாரமே வரலாம் என்றும் சொன்னார். அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. திட்டக் கட்டணத்துக்கு மேல் ஒரு சென்டீமும் வாங்கக்கூடாது என்ற விதி நோயாளிக்கு நல்லதாயினும், தனிக் கட்டணம் செலுத்துவோரையே முன்னால் நிறுத்தும் ஆசையையும் அது வளர்க்கிறது. கடைசியில் தீவின் தலைநகரான சேன்-துனியில் ஓர் உளவியலாளர் அம்மையாரிடம் இடம் கிடைத்தது. கிழக்குக் கரையிலிருந்து காலை நேரத்தில் சேன்-துனிக்குச் செல்லும் சாலையின் நெரிசலை அறிந்தவர்களுக்கு, ஓர் அமர்வுக்காக அரைநாள் போய்விடும் என்று சொல்லத் தேவையில்லை. கார் ழோன் பேருந்தை நம்பியிருப்பவருக்கு முழுநாளே போகலாம். சலாசி, சிலாவோஸ் மலைப்பகுதியினரின் நிலையையும், நடந்தோ ஹெலிகாப்டரிலோ மட்டுமே எட்டக்கூடிய மஃபாத்தில் வாழ்வோரின் நிலையையும் பாரிசில் விதி எழுதியவர்கள் மனத்தில் கொண்டிருந்தார்களா என்பது ஐயமே. தொடர் அமர்வுகளைக் காணொளி வழியாக நடத்த இடமுண்டு என்பது ஓரளவு ஆறுதல்.

அமர்வுகளைப் பற்றி எனக்கு நிறைவே. முதல் சந்திப்பு மதிப்பீட்டுக்கு உரியது: உளவியலாளர் கேள்விகள் கேட்டு, இத்திட்டம் நமக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்கிறார். என் மடலை அவர் முதலிலேயே படித்திருந்ததால், உடல்நிலைக் கதையை மீண்டும் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. நேராக இரவு நேரத்து எண்ணங்களுக்கு வந்துவிட்டோம். படுக்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் குறித்துவைக்கும் ஏடு, பதற்றம் மேலெழும் வேளையில் மூச்சைச் சீர்ப்படுத்தும் முறை, தவிர்த்து வந்த காரியங்களைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ளும் பயிற்சி என்று வீட்டில் செய்யும் வேலை இருந்துகொண்டே இருந்தது. பேச்சு பிரெஞ்சிலும், நான் தடுமாறியபோது தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் நடந்தது. அலுவலகத்தைப் பற்றிப் பேச இவை போதும். ஆனால் புதுச்சேரியில் தனியே இருக்கும் அப்பாவைப் பற்றிப் பேச வந்தபோது, தமிழில் சொல்ல வேண்டியவை பல தொண்டையிலேயே நின்றன. தமிழ் தெரிந்த உளவியலாளர் எவரையும் தீவின் பட்டியலில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு தமிழ்க் கோயில்களும் தமிழ் வகுப்புகளும் உள்ள தீவில், நம் பிள்ளைகள் உளவியல் படிக்கும்போது மொழியையும் உடன் காத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

பணக் கணக்கு எளிது. ஓர் அமர்வுக்கு 50 யூரோ. அதில் 60 விழுக்காட்டை, அதாவது 30 யூரோவை, மருத்துவக் காப்பீடு தருகிறது. மீதி 20 யூரோவை மூத்துவெல் எனப்படும் துணைக் காப்பீடு தருகிறது. துணைக் காப்பீடு இல்லாதவர் 20 யூரோவைத் தாமே ஏற்க வேண்டும். பெரும்பாலானோர் முதலில் முழுத்தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவதால், மாதக் கடைசியில் அமர்வு வைத்துக்கொள்வது சங்கடம் தரும். குறைந்த வருமானத்தாருக்கான ‘சே தூ எஸ்’ காப்பீடு உள்ளவர்களும், ஆறாம் மாதம் முதலான கர்ப்பிணிகளும் கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லை. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழும் தீவில் இந்தச் சலுகை மிக முக்கியமானது. ஆயினும் உளவியலாளர் என்றாலே பணக்காரர் விஷயம் என்று எண்ணி விசாரிக்காமல் இருந்துவிடுவோரை என் தெருவிலேயே அறிவேன். கார்த் வித்தால் எனப்படும் உங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.

இத்திட்டம் எல்லோருக்கும் உரியது அல்ல. இலேசான, நடுத்தரமான பதற்றத்துக்கும் மனத்தளர்ச்சிக்கும், கடுமையாகாத நிலையிலுள்ள மது, புகை, கஞ்சாப் பழக்கத்துக்கும், உணவு தொடர்பான சிக்கல்களுக்கும் உரியது. தற்கொலை எண்ணம் உள்ளவருக்கும், கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கும் 12 அமர்வுகள் போதா. அவர்களுக்கு மனநல மருத்துவர் தேவை. இங்கேதான் மடல் எழுதும் மருத்துவர் மீண்டும் முக்கியமாகிறார்: கேட்டு வந்தவருக்கு எது பொருந்தும் என்று பிரித்தறிந்து, தேவையானால் சேன்-போல் பகுதியில் கம்பேயில் உள்ள அரசு மனநல நிறுவனத்துக்கோ, வசிக்கும் பகுதிக்குரிய மருத்துவ-உளவியல் மையத்துக்கோ வழிகாட்டுகிறார். அம்மையங்களில் கட்டணமே இல்லை. காத்திருப்பதற்கே இயலாத அவசரத்தில் தற்கொலைத் தடுப்புக்கான 3114 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2021 அக்டோபர் முதல் இச்சேவை இயங்குகிறது.

கடைசி அமர்வில் உளவியலாளர், என் ஒப்புதலைக் கேட்டுப் பெற்று, மருத்துவருக்கு ஒரு பதில் மடல் எழுதினார். தூக்க மாத்திரை இல்லாமலே நாள் நகர்கிறது என்றும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. மடலோடு தொடங்காதவர்களும் இந்தப் பதில் மடலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை அனுப்புவதற்கு ஒரு மருத்துவர் பெயர் வேண்டும், அந்தப் பெயரை முதல் அமர்விலேயே கொடுத்துவிடுங்கள்.