கோடியக்கரை ஒரு நாள் பயணம்: காலையில் சதுப்பு, மாலையில் வெளிமான்

வேடந்தாங்கலில் கரைமேல் நின்றபடி கூடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கோடியக்கரை முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இங்கே பறவைகள் மரத்தில் கூடிக் காத்திருப்பதில்லை. சேற்றுப் பரப்பில் முந்நூறு, நானூறு மீட்டர் தள்ளிச் சிதறி நிற்கும். நேரத்தைச் சரியாகப் பிரித்துக்கொண்டால் மட்டும் இது அருமையான இடம்.

1967-இல் வெளிமானுக்காக (பிளாக்பக்) உருவான சரணாலயம் இது; சதுப்பையும் சேர்த்து 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. வெளிமானும் பறவையும் காலை வெயிலுக்கு முன்பே நன்றாகத் தெரியும் என்பதால், எதை முதலில் பார்ப்பது என்ற குழப்பம் வரும். சதுப்புக்கே போங்கள். மான் மாலையிலும் மேயும். பறவை அப்படி இல்லை. ஒன்பது மணி தாண்டினால் ஈரத்தரையிலிருந்து கானல் எழுந்து, தொலைநோக்கியில் எல்லாம் நெளியத் தொடங்கிவிடும். அறுபது மடங்கு பெரிதாக்கும் கருவி வைத்திருந்தாலும் அப்போது முப்பதுக்கு மேல் போனால் கலங்கல்தான் மிச்சம். வெளிச்சமும் காலைக்கே சாதகம். வேதாரண்யத்திலிருந்து சாலை தெற்கே இறங்குகிறது, சதுப்பு மேற்கே விரிகிறது. காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் பூநாரை (ஃபிளமிங்கோ) கூடக் கருநிழலாகத்தான் தெரியும்.

பூநாரை எத்தனை வரும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. 'கட்டாயம் காட்டுகிறேன்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இங்கே கடல் ஏற்ற இறக்கம் குறைவு. மழையும் காற்றும்தான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. நவம்பரில் பெருமழை பெய்த கையோடு போனால் நீர் ஆழமாக நிற்கும். சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களில், கால் குட்டையானவற்றுக்கு இடமிருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் நீர் வற்றிச் சேறு வெளிப்படும்போதுதான் கூட்டம் சேரும். அகத்தியம்பள்ளிப் பக்கத்து உப்பளங்களையும் விடாதீர்கள். வரப்புக்கு அருகிலேயே நெடுங்கால் உள்ளான் நிற்கும். அளத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது மரியாதை.

கால் சிவப்பாக இருப்பதை மட்டும் நம்பி, பவளக்காலி என்ற உள்ளான் வகை என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். சேறு அப்பினால் எல்லாக் காலும் ஒரே நிறம். பறக்கவிட்டுப் பாருங்கள்: சிறகின் பின்னோரத்தில் அகலமான வெள்ளைப் பட்டை இருந்தால் பவளக்காலி. சிறகு முழுக்கக் கறுத்து முதுகில் மட்டும் வெள்ளை இருந்தால் பச்சைக்காலி. அழுக்குச் சாம்பல் நிறத்தில் நிற்கும் பெரிய 'நாரை', பெரும்பாலும் இளம் பூநாரையாக இருக்கும்.

காய்ந்த மேலோடு போட்ட சேற்றில் கால் வைக்கக் கூடாது. பார்க்கத் தரை போலிருக்கும், முழங்கால்வரை வாங்கிவிடும். காற்று பலமாக அடிக்கும் என்பதால் தொலைநோக்கியைத் தாங்கும் முக்காலியை உயர்த்தாமல் உட்கார்ந்து பாருங்கள்.

நண்பகலில் ராமர் பாதம் பக்கத்துக் காட்டு நிழல் போதும். அக்டோபரில் வந்தால் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறும் சத்தத்துக்குக் காது கொடுங்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் வேதாரண்யத்திலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்; ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். பொட்டலத்தைத் திறந்து வைத்தால் குரங்கு பங்குக்கு வந்துவிடும்.

மூன்றரைக்குப் புல்வெளி. முறுக்குக் கொம்பும் கருத்த உடலுமாக நிற்பது கிடா. பழுப்பு நிறத்தில் இருப்பவை பெட்டையும் குட்டியும். வண்டியிலிருந்தே பாருங்கள், இறங்கி நடந்தால் மொத்த மந்தையும் ஓடிவிடும். சீமைக்கருவேலம் அடர்ந்த இடங்களில் தேடிப் பயனில்லை. வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும். மட்டக்குதிரைகள் வழியெல்லாம் தென்படும். அழகுதான், ஆனால் மான் மேய வேண்டிய புல்லையே அவையும் மேய்கின்றன.

வனத்துறையின் 'பூநாரை இல்லம்' விடுதியில் முன்பதிவு கிடைத்தால் விடிகாலைப் பயணம் மிச்சம். திரும்பியதும் தொலைநோக்கி வில்லையை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புப் பொடி கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். முக்காலியின் திருகுகளையும் வண்டியின் அடிப்பாகத்தையும் அன்றிரவே கழுவிவிடுவது நல்லது.