சுகாதார எழுத்தறிவுச் சங்கங்களின் கட்டண உறுப்பினர் திட்டம்: பணம் கட்டலாமா?

நோயாளிக்குப் புரியும்படி மருத்துவத் தகவலை எழுதுவதற்கும் சொல்வதற்கும் இன்று தனிச் சங்கங்களே இருக்கின்றன. இதுவரை சும்மா பெயர் பதிந்தவர்களைச் சந்தா கட்டச் சொல்லும்போது அவை நீளமான சலுகைப் பட்டியல் தருகின்றன. அந்தப் பட்டியலைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

கருவிகள் வேண்டும் என்பதற்காகச் சேரத் தேவையில்லை. அமெரிக்க அரசின் மருத்துவச் சேவை ஆராய்ச்சி மற்றும் தர அமைப்பான ஏஎச்ஆர்க்யூ 2010-ல் வெளியிட்டுப் பின்னர் புதுப்பித்த சுகாதார எழுத்தறிவுக் கருவித்தொகுப்பு இலவசம். நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளை மதிப்பிடும் அதன் 'பெமாட்' படிவமும் இலவசம். ஆய்விதழுக்காகவும் சேர வேண்டாம். 2017-ல் தொடங்கிய 'ஹெல்த் லிட்டரசி ரிசர்ச் அண்ட் பிராக்டிஸ்' இதழை யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

அச்சுப் பிரதிக்கான பெமாட்டில் 24 கேள்விகள். 17 கேள்விகள் விஷயம் புரிகிறதா என்று பார்க்கும். 7 கேள்விகள் படித்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிகிறதா எனப் பார்க்கும். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, பொருந்தாததைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். சர்க்கரை நோய்த் துண்டறிக்கை ஒன்றுக்கு அந்த 17-ல் 2 பொருந்தாமல், மீதி 15-ல் 12 ஆம் என்று வந்தால் 80 சதவீதம். நல்ல மதிப்பெண்தான். ஆனால் 'வெறும் வயிற்றில் வரவும்' என்ற வரியைப் படித்தவர், டிபன் மட்டும்தான் கூடாது என்று நினைத்து, பால் காபி குடித்துவிட்டு ரத்தம் கொடுக்க வருவார். மதிப்பெண் போடுகிறவருக்கு அர்த்தம் முன்பே தெரியும் என்பதால் இந்த ஓட்டை அவர் கண்ணில் படாது. 'வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?' என்று நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் தெரியும்.

சந்தாவுக்கு மதிப்புத் தருவது இந்த இடத்தில்தான்: உங்கள் வரைவை வாங்கிப் படித்து, எங்கே தடுக்கும் என்று சொல்லும் அனுபவசாலிகள். வரைவு படிக்கும் பணிக்குழு இருக்கிறதா, எத்தனை நாளில் பதில் வரும் என்று சேருமுன் எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சேர வேண்டாம். நோயாளிக்கான பாடப்பொருளையே சந்தாவுக்குப் பின்னால் பூட்டி வைக்கும் சங்கம், தான் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதற்கே எதிராகப் போகிறது.

இணையவழிக் கூட்டங்களுக்குப் பதிவு கிடைக்குமா என்பதும் முக்கியம். நியூயார்க்கில் பகல் 1 மணிக் கூட்டம் இங்கே கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. மறுநாள் ஓபி பார்க்கிறவர் உட்கார முடியாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பல சர்வதேசச் சங்கங்கள் உலக வங்கியின் வருமானப் பிரிவுப்படி குறைக்கின்றன. இந்தியா கீழ்-நடுத்தர வருமானப் பிரிவில் வரும். பக்கத்தில் முதலில் தெரியும் தொகையைக் கட்டிவிடாதீர்கள். உறுப்பினர் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையா, சேர்ந்த நாளிலிருந்து 12 மாதமா என்றும் பாருங்கள். முதல் வகை என்றால் அக்டோபரில் சேர்வது நஷ்டம்.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால், பெரும்பாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வங்கி ஆப்பில் அணைந்திருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். வங்கி தன் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் அதன்மேல் ஜிஎஸ்டியையும் சேர்க்கும். தானியங்கிப் புதுப்பித்தலை நம்ப வேண்டாம். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் அமலான பிறகு வெளிநாட்டு நிறுவனங்களின் தொடர் பற்றுகள் பல நின்றுபோகின்றன. உறுப்பினர் தகுதி சத்தமில்லாமல் காலாவதியானால், மாநாட்டுப் பதிவின்போதுதான் சலுகை போனது தெரியவரும். முடிவு தேதிக்கு ஒரு மாதம் முன்பே நாமே கட்டிவிடுவது நல்லது.